அரபி வகுப்பில் பாதி பெஞ்சு

பிரியமுள்ள ஜமாலுக்கு,

உம்மை அடக்கம் செய்த அன்று நான் செய்த காரியத்தைக் கேட்டுச் சிரிக்கக்கூடிய ஆள் புனேயில் நீர் ஒருவர்தான். ஆகவே உமக்கே எழுதுகிறேன்.

நம் அரபி ஆசிரியர் உஸ்தாதின் முறை இதைப் படிக்கும் மற்றவர்களுக்குத் தெரியாது. அரபியில் பெரும்பாலான சொற்களுக்கு மூன்று எழுத்துதான் வேர். அதை வெவ்வேறு அச்சில் வார்த்தால் வெவ்வேறு சொல். காஃப், தா, பா என்ற மூன்றிலிருந்து கிதாப் என்றால் புத்தகம், காதிப் என்றால் எழுதுபவர், மக்தூப் என்றால் எழுதப்பட்டது. பெஞ்சுக்கு இருவர். ஒருவர் ஒரு சொல்லைச் சொன்னதும் மற்றவர் தாமதிக்காமல் அச்சின் பெயரைச் சொல்ல வேண்டும். மக்தூபுக்கு 'மஃப்ஊல்', அதாவது செய்யப்பட்டது.

ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து கிரீஸ் வாசனையோடு நேராக வகுப்புக்கு வருவீர். சிறு வயதிலிருந்து ஓதியதற்கு அர்த்தம் தெரிய வேண்டும் என்பது உம் காரணம். மொழி ஆர்வம் என்று நான் அலுவலகத்தில் சொல்லி வைத்திருந்தேன். அலுவலகத்தில் இந்தி, கடையில் மராத்தி, வீட்டில் தொலைக்காட்சி. வாரம் இரண்டு மாலை உம்மோடு தமிழ் பேசத்தான் அரபி படித்தேன்.

"பாளையங்கோட்டைக்காரரு அரபி படிச்சு என்னவே செய்யப் போறீரு?" என்று கேட்டீர்.

"துபாய்ல அல்வாக் கடை வைக்கப் போறேன்."

"அப்ப அல்வாவுக்கு வேரைச் சொல்லும், பாப்போம்."

அல்வாவே அரபிச் சொல் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நெல்லைக்காரனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

உம் அடக்கத்தன்று கோந்த்வா பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் "மர்ஹூம் ஜமாலுத்தீன்" என்று அறிவித்தார்கள். ரா, ஹா, மீம்: இரக்கம். என் வாய் பழக்கதோஷத்தில், பக்கத்தில் உள்ளவர்களுக்குக் கேட்கும்படி, "மஃப்ஊல்" என்றது. இரக்கம் காட்டப்பட்டவர், விடை சரிதான். அருகில் நின்ற பெரியவர் அதைப் பிரார்த்தனை என்று எண்ணி "ஆமீன்" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு உம் பக்கம் திரும்பினேன். நீர் சந்தூக்கில், நாலு பேர் தோளில் போய்க்கொண்டிருந்தீர்.

அதன்பின் வகுப்பில் சொல்லையும் நானே சொல்லி, அச்சையும் நானே சொன்னேன். உஸ்தாத் தலை குனிந்துகொண்டார். நின்றுவிடலாம் என்று முடிவு செய்திருந்தபோது செல்போன் அடித்தது. திரையில் உம் பெயர். எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று. பேசியது உம் மனைவி சுலைகா. இத்தா முடிந்து, துக்கத் தனிமையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தார்.

"அண்ணே, அவுகளுக்காகத் தெனமும் ஓதுதேன். என்ன கேக்கேன்னு தெரியாமலே கேட்டுக்கிட்டு இருக்கேன். வந்து சொல்லித் தருவீகளா?"

"எனக்கே அரைகுறைதான், தங்கச்சி. ஜமாலுக்குத்தான் நல்லா வரும்."

"அவுகளும் உங்களப் பத்தி அரைகுறைன்னுதான் சொன்னாக. பரவால்ல, வாங்க."

ஞாயிற்றுக்கிழமை போனேன். உம் அகராதியை எடுத்து வைத்திருந்தார். பார்க்காமல், தடுமாறாமல், கண் கலங்காமல் ஓதினார். நான் ஒவ்வொரு சொல்லாக உரித்துப் பார்த்து, பாதியைத் தப்பாக உரித்தேன். ஓர் இடத்தில் நான் அகராதியைப் புரட்டுவதற்குள் கையால் தடுத்தார்.

"இது மௌத்துலேருந்து வந்ததுதான? இது எனக்குத் தெரியும்ணே."

பிறகு மறுபடி அந்த வரியை ஓதத் தொடங்கி, மரணத்தைச் சொல்லும் அந்தச் சொல் வந்ததும் நின்றுவிட்டார். இத்தனை மாதம் ஒரு நாளும் நிற்காமல் ஓதியவர். இதற்குத்தானா நீர் அர்த்தம் அர்த்தம் என்று அலைந்தீர்? நான் அவருக்கு நல்லது செய்தேனா, கெடுதல் செய்தேனா, ஜமால்?

கிளம்பும்போது, "அடுத்த ஞாயித்துக்கெழமையும் வாங்கண்ணே" என்றார்.

போவேன். அவர் நிற்கும் இடத்திலெல்லாம் நானும் நிற்பேன். அவராகவே அடுத்த சொல்லுக்குப் போகும்வரை வாயைத் திறக்க மாட்டேன்.

உம் மனைவிக்கு அண்ணன்,
அந்த வகையில் உமக்கு மச்சான்,
சங்கரன்