மதகைத் திறந்துவிட்டேன்

மெய்ரிக்,

ஆட்டுக்கறி சூப் அடுப்பில் இருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடு, வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை வருவேன்.

மாவு மில்லை வீடாக்கிய பிறகும், சாவு விழுந்தால் தண்ணீர்ச் சக்கரத்தை நிறுத்தி, அடக்கம் முடிந்ததும் ஓடவிடுவதுதான் உங்கள் குடும்ப வழக்கம். நம் மகன் கார்வினை அடக்கம் செய்து ஒரு வருஷமாகப்போகிறது, சக்கரம் இன்னும் நின்றே கிடக்கிறது. கேட்டால், "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் நெரிஸ், இப்ப என்ன அவசரம்"னு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாய்.

இன்று நானே மதகைத் திறந்து சக்கரத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டேன். கோபம் வந்தால் என்னைத் திட்டு, சக்கரத்தை நிறுத்தாதே.

பி.கு. அவன் அறைச் சுவர் பழையபடி அதிர்கிறது. அலமாரியிலிருந்த கோப்பை அதிர்ந்து விழாமலிருக்க, அதை எடுத்து அவன் கட்டிலில் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. சக்கரத்தின் சத்தமில்லாமல் பிள்ளை ஒருநாளும் தூங்கியதில்லை. கல்லறை வரைக்கும் கேட்கிறது. போய் நின்று பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.