பீர்க்கங்கொடியில் கட்டின சார்ஜர்

புரட்டாசி 8, வியாழன்

காலையில தூறல். துணி காயல.

அவரு போயி வருசம் திரும்பப் போகுது. திதிக்கு முன்னால வெள்ளையடிக்கோணும். பரண்ல இருந்து ரெண்டு சாக்கை இறக்கினேன். ரிக் வண்டியில ஊரூரா தண்ணிக்கு போர் போடப் போன மனுசன், போன எடத்துலயெல்லாம் ஒயரு சேத்திருக்காரு. பாட்டு டேப்பு, டிவிடி பொட்டி, வட்டு, ரிமோட்டு, சார்ஜர், டிஷ் தட்டு. எலிப்புழுக்கை வேற.

கொழுந்தனாரு: "பழைய இரும்புக்காரன் வாரானுங்க அண்ணி, மொத்தமாத் தூக்கிக் குடுத்துருங்க."

சரின்னேன். மனசில்ல.

வெள்ளி

இரும்புக்காரனுக்கு டேப்பு மட்டும் போட்டேன். மீதி ஒளிச்சு வெச்சாச்சு. எதுக்காச்சும் ஆகும்.

ஆனது:
கேபிள் டிவி ஒயரு – துணிக்கொடி. மழைக்கும் மக்காது.
டிஷ் தட்டு – மொளகா காயவைக்க. வெயில் வரட்டும்.
டிவிடி வட்டு – கடலைக்காட்டுல தொங்குது, மயிலு வராம. பக்கத்துக் காட்டு பாப்பாத்தி, "ஏனக்கா, மயிலுக்குப் படம் காட்டறயா?"ன்னா. சிரிச்சுட்டேன். ரொம்ப நாளாச்சு.
சார்ஜர் – கரண்டுல சொருகற கொண்டைய நறுக்கி வீசிட்டு, ஒயர்ல பீர்க்கங்கொடியப் பந்தலோட கட்டினேன்.

ஞாயிறு

ரெண்டாவது சாக்குக்கு அடியில ஒரு பை. அவரு போனதும் ரிக்குக்காரங்க குடுத்தனுப்புனது. பிரிக்காமயே போட்டிருந்தேன். ரெண்டு லுங்கி, சீப்பு, அவரோட பட்டன் போனு.

கடைசி வரைக்கும் கையில வெச்சிருந்தது. உள்ள அவரு என்னமோ வெச்சிருப்பாருன்னு தோணுச்சு. உசுரு இல்ல போன்ல. மக செல்வியோட சார்ஜர் சேரல. "இதுக்கு ஊசிமுனை வேணும்மா. அப்பாவுது எங்க?"

பந்தல்ல.

முருங்கை மரத்தடியில உக்காந்து அழுதேன். சோறு ஆக்கல.

திங்கள்

குப்பைக்குழியக் கிளறி கொண்டையக் கண்டுபிடிச்சேன். ஒயர அவுக்கையில ரெண்டு பீர்க்கம்பிஞ்சு உதுந்து போச்சு. போகட்டும். செல்வி எடுத்துட்டுப் போயி, பஸ் ஸ்டாப் கரண்டுக் கடையில ஒட்டுப் போட்டு கறுப்பு டேப்பு சுத்திட்டு வந்தா.

போன்ல லைட்டு எரிஞ்சுது!

மணி என்னன்னு போனு கேட்டுச்சாம், செல்வி சரியா வெச்சுட்டா. போட்டோ இல்ல. மெசேஜெல்லாம் சிம் கம்பெனிக்காரன் அனுப்புனது. இதுக்கா இம்புட்டுப் பாடு?

சாமி மாடத்துல வெச்சுட்டு விளக்குக்குத் திரி போட்டேன். போனு அடிக்குது! அவரு கூப்புடற நேரம். எந்த ஊர்ல போர் போட்டாலும் விளக்கு வைக்கற நேரத்துக்குத் தப்பாமக் கூப்புடுவாரு. "எப்புடிங்க மறக்காமக் கூப்புடறீங்க?"ன்னு நாங் கேட்டா, "நீ விளக்குப் பத்த வெச்சா எனக்கு இங்க வாசம் அடிக்குது புள்ள"ம்பாரு. இத்தன வருசமா நம்பிட்டு இருந்தேன்.

செல்வி எடுத்துப் பாத்தா.

"யாரும் கூப்புடலம்மா. அலாரம். 'ஊடு'ன்னு இங்கிலீசு எழுத்துல போட்டு வெச்சிருக்குது அப்பா."

வாசமாம் வாசம். திருட்டு மனுசன்.

செவ்வாய்

நல்ல வெயில். மொளகா காயுது. பீர்க்கங்கொடிக்குக் கயிறு வாங்கிக் கட்டினேன்.

"அலாரத்த நிறுத்தீரட்டுமாம்மா?"ன்னா செல்வி. தொடாதேன்னேன்.

சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டீட்டு இருந்தேன், உள்ள அடிச்சுது. "இருங்க, வாரேன்"னு வாய் தானாச் சொல்லீருச்சு.