படிக்கட்டில் நீங்கள் மாற்றிச் சொன்ன கதை

ஒரே வாளியை என்னோடு சேர்ந்து தூக்கிய யோகம் அக்காவுக்கு,

எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சனங்களில் எத்தனை பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, எத்தனை பேரை வைத்திருப்பது என்று இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பெரியவர்களும் கையெழுத்துப் போட்ட வருசம் அது. அந்த வருசக் கடைசியில்தான் புயல் வந்து தனுஷ்கோடியில் ரயிலைக் கடலுக்குள் இழுத்தது. புயலில் சாய்ந்த முருங்கையை உங்கள் யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தில் வெட்டிக்கொண்டிருந்த நேரம், ஒரு தரகர் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு படலையைத் திறந்தார். எனக்கு எட்டு வயது இருக்கும். மலைநாட்டிலிருந்து உங்கள் வீட்டு வேலைக்கு வந்த பெடியன். நீங்கள் சோதனைக்காக ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை நடந்து நடந்து சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தீர்கள்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உங்கள் மகள் நளினி. இத்தாலியில், பலெர்மோவின் ஒரேத்தோ வீதியில், உங்கள் குசினி மேசையில் இருக்கிறோம். வருகிற கிழமை நீங்கள் கண்ணை மூடி முப்பத்தோராம் நாள். அன்று கொடுக்கிற நினைவு மலரில் உறவுக்காரர் எல்லாரும் உங்களுக்கு எழுதுகிறார்கள். எழுதுகிறவர் கீழே உறவைப் போடவேண்டும். மகன், மருமகள், மைத்துனி என்று எல்லாருக்கும் ஒரு சொல் இருக்கிறது. எனக்கு என்ன சொல் என்பதில்தான் இந்த வீட்டில் சில நாளாகக் கதை நடக்கிறது.

“லண்டனில இருந்து அண்ணா சொல்றார், குடும்ப நண்பர் எண்டு போடட்டாம், மாமா.”

“நண்பன் எண்டால் யாழ்ப்பாணத்து வீட்டுக் கதிரையில ஒருநாளாவது இருந்திருக்க வேணும், பிள்ளை.”

“அப்ப என்னெண்டு போடுறது?”

“முதல் கடிதத்தை எழுதுவம். கடைசியில பாப்பம்.”

உண்மையில் எனக்கே தெரியவில்லை, அக்கா. உங்களைக் கேட்கத்தான் இதைச் சொல்லுகிறேன்.

இங்கத்தைப் புதினம் கொஞ்சம் கேளுங்கள். நாங்கள் வேலைக்கு நின்று கழுவிய கால்சாப் பகுதி மாளிகையை அறை அறையாகப் பிரித்து உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அவர்களுடைய சக்கரப் பெட்டிகள் இடித்து மாபிள் படிகளின் ஓரமெல்லாம் உடைந்துபோய்க் கிடக்கிறது. நீங்கள் பார்த்தால் ஏசுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாந்தா ரொசாலியா தேவாலய மலைக்கு ஏறி உங்களுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். வழக்கம்போல அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் எங்கள் சைவச் சனம், நெற்றியில் திருநீறு. முழங்கால் நோகிறது, ஆனாலும் இருக்க முடியவில்லை. இந்த மாதம் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறேன்.

கலியாணத்தோடு உங்கள் சோதனை நின்றது. உங்கள் ஐயா நாள் குறித்த அன்று நீங்கள் அந்தப் புத்தகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுததை, மிளகாய் இடித்துக்கொண்டு நான் கேட்டேன். பிறகு நாட்டில் சண்டை வந்து எல்லாரையும் கலைத்தது. பலெர்மோவுக்கு முதலில் வந்தவர் நீங்கள். பின்னால் நான் வந்தபோது மாளிகைக்காரி சிஞ்ஞோராவிடம் சொல்லி எனக்கு வேலை எடுத்துத் தந்தவரும் நீங்கள்தான். மேல்மாடியிலிருந்து நீங்கள் துடைத்துக்கொண்டு இறங்குவீர்கள். நான் தண்ணீர் மாற்றிக்கொண்டு ஏறுவேன்.

அந்த நாள் நினைவிருக்கிறதா? சிஞ்ஞோரா யாருக்கோ ஃபோனில், தங்கள் பிலிப்பீனா வந்துவிட்டாள் என்று சொன்னது வெளியே கேட்டது. வேலைக்காரி எந்த நாட்டவள் என்றாலும் இந்த ஊர்ப் பணக்காரருக்குப் பிலிப்பீனாதான். நீங்கள் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினீர்கள்.

“எத்தினை வருசமா இவவின்ர வீட்டைக் கழுவுறன். என்ர நாடு எதெண்டு தெரியாதாமே?”

“நீங்களும் எங்களைத் தோட்டக்காட்டான் எண்டுதானே அக்கா சொன்னனீங்கள்.”

பகிடியாகத்தான் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. அந்த மாடியையும் அடுத்த மாடியையும் துடைத்து முடித்தீர்கள். அதற்குப் பிறகு, “தம்பி, நான் அப்ப படிச்ச கதை ஒண்டு சொல்லட்டே?” என்று கேட்டீர்கள். அதற்கு முதல் நீங்கள் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

கதை பல கிழமை நடந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒரு கப்பல் முதலாளியின் மகள். சீனித் தோட்டம் வைத்திருக்கிற ஒரு கிழவனுக்கு அவளைக் கட்டிவைக்கத் தகப்பன் முடிவெடுக்கிறான். அவள் கண்ணாடிக்கு முன்னால் இருந்து, இந்த வீட்டில் நான் ஓர் அடிமை என்று அழுகிறாள். பக்கத்தில் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு நிற்கிறாள் அந்தச் சீனித் தோட்டத் தீவிலிருந்து கொண்டுவந்த கறுப்புப் பெட்டை. அவள் கேட்கிறாள்: “அப்ப நான் ஆர், அம்மா?”

நீங்கள் அந்த இடத்தில் துடைப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள். பிறகு இருவரும் ஒரு நாள் விடிய முதல் தோணியில் ஓடுகிறார்கள். கறுப்புப் பெட்டைதான் துடுப்புப் போடுகிறாள். எங்கோ ஒரு கரையில் இருவரும் சேர்ந்து பாண் போட்டு விற்றுப் பிழைக்கிறார்கள். பல்லரோச் சந்தையில் இந்தக் கதையை நான் சொல்லாத ஆள் இல்லை. மீன் வாங்க வந்த பெண்கள் மீனை மறந்து நின்று கேட்டிருக்கிறார்கள்.

உங்கள் அலமாரியை ஒதுக்கும்போது நளினி அந்தப் புத்தகத்தை எடுத்து என் கையில் தந்தாள். அதைக் கொண்டு பல்லரோவில் கடை வைத்திருக்கிற தேவனிடம் போனேன். அவரை உங்களுக்குத் தெரியும், மொரிசியஸ் தமிழர். தமிழில் கோயில் பாட்டு மட்டும்தான் வரும். ஆனால் இங்கிலீஷ் வாசிப்பார், வாசித்ததை எனக்கு இத்தாலியனில் சொல்வார், அதை இங்கே எங்கட தமிழில் சொல்லுகிறேன். பின்னேரங்களில் அவருடைய அரிசி மூட்டையில் இருந்து கேட்டேன். கறுப்புப் பெட்டை கேட்கிற இடம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

“வந்துவிட்டதா?” என்பேன்.

“பொறுங்கோ, இவள் இன்னும் அழுது முடிக்கேல்லை,” என்பார்.

மெழுகுதிரி வந்தது. கறுப்புப் பெட்டை அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலாளி மகளின் கழுத்து எவ்வளவு வெள்ளை என்று அந்த வெளிச்சத்தில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறது. கறுப்புப் பெட்டை வாய் திறக்கவில்லை. இன்னோர் இடத்தில் ஒரு கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கடைசியாகத் துறைமுகத்தில் வந்தாள். கப்பல் கூலிக்குப் பதிலாக முதலாளி மகள் அவளைக் கப்டனிடம் கொடுத்துவிடுகிறாள். இவ்வளவு விசுவாசமானவளைப் பிரிகிறோமே என்று கண் கலங்குகிறாள். அதற்கடுத்த வரியில் மழை வந்து முதலாளி மகளின் தொப்பி நனைகிறது.

“பிறகு?” என்று கேட்டேன்.

“பினீத்தோ, முடிஞ்சுது. கறுப்பியைப் பற்றி இனி ஒண்டும் இல்லை.”

தேவன் புத்தகத்தை மூடி என் கையில் தந்தார். பிறகு சொன்னார்: “இதில ஒரு வேடிக்கை பாத்தீங்களோ? முதலாளி மகள் புத்தகம் முழுக்கத் தன்னைத்தான் அடிமை எண்டுறாள். உண்மையான அடிமைக்கு அந்தச் சொல் ஒரு இடத்திலயும் இல்லை. அவள் விசுவாசமானவளாம். என்ர மொரிசியஸில, அவளை மாதிரி ஆக்கள் விடுதலையாகி விட்டுப்போன கரும்புக் கத்தியைத்தான், கூலியா வந்த என்ர பூட்டன்ர கையில குடுத்திருப்பாங்கள்.”

உங்கள் அம்மாவும் வீட்டுக்கு வந்தவர்களிடம் என்னைப் பற்றி விசுவாசமான பெடியன் என்றுதான் சொல்லுவா.

அந்த முதலாளி மகளின் கண்ணீர் பொய் என்று நான் சொல்லவில்லை. அவளையும் ஒரு கிழவனுக்கு விற்கத்தான் பார்த்தார்கள். உங்களையும் கேட்டா கொடுத்தார்கள்? ஆனால் நீங்கள் ஏன் கதையை மாற்றினீர்கள், அக்கா? இவனுக்கு வாசிக்கத் தெரியாது, எப்படிச் சொன்னாலும் நம்புவான் என்றா? அல்லது, என்னிடம் நேரே சொல்ல முடியாத ஒன்றை அந்தக் கறுப்புப் பெட்டையின் வாயில் வைத்துச் சொன்னீர்களா? இருபது வயதில் வாசித்தபோது உங்கள் கண் அவளில் பட்டதா, கால்சாவில் துடைப்பத்தைப் பிடித்த பிறகுதான் பட்டதா?

படிக்கட்டில் என்னைத் தம்பி என்றீர்கள். கனடாவிலிருந்து சொந்தக்காரர் ஃபோன் எடுத்தால், எங்கட வீட்டில வேலைக்கு நிண்ட பெடியன் என்றீர்கள். இரண்டையும் இந்தக் காது கேட்டது. எது உங்கள் சொல்?

இந்த இடத்தில் நளினி பேனையை வைத்துவிட்டாள்.

“மாமா, நாலு சனம் வாசிக்கிற மலர் இது. அம்மாவைப் பற்றி நல்லதாய் ஒண்டு சொல்லுங்கோவன்.”

“நல்லதைத்தான் சொல்றன். ஒரு புத்தகத்தையே திருத்திச் சொன்னவ எண்டு ஆரைப் பற்றிச் சொல்லலாம்?”

“அப்ப அந்த ஃபோன் கதையை வெட்டிவிடட்டோ?”

“வெட்டினால் என்ர பக்கத்தையும் சேர்த்து வெட்டு.”

அவள் எழும்பி அடுப்படிக்குப் போனாள். பிறகு தேத்தண்ணி ஊற்றி வந்து எனக்கு முன்னால் வைத்தாள், பேனையை எடுத்தாள். அவள் அதை வெட்டவில்லை. உங்கள் பிள்ளை, அக்கா.

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குத் தருகிறேன். இனி யாருக்கு அந்தக் கதையைச் சொன்னாலும் இரண்டு விதமாகவும் சொல்லுவேன். புத்தகத்தில் அவளை விற்றதைச் சொல்லுவேன். பலெர்மோவில் படிக்கட்டுக் கழுவிய ஒரு பெண் அவள் கையில் துடுப்பைக் கொடுத்ததையும் சொல்லுவேன். ஒன்றை மறைத்து மற்றதைச் சொல்ல மாட்டேன். இரண்டையும் சொன்னால்தான் உங்களைச் சொன்னதாக இருக்கும்.

இப்போது கடைசி வரிக்கு வந்துவிட்டோம்.

“உறவை விடுவம். மணியன் மாமா எண்டு பேரை மட்டும் போடட்டோ?” என்று கேட்கிறாள் நளினி.

“அது என்ர பேர் இல்லை, பிள்ளை.”

அவளுக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை. நான் வந்த அன்று முற்றத்தில் ஐயா என்னைப் பெயர் கேட்டார், நான் சொன்னேன். ஐயாவுக்கும் அதே பெயர். உங்கள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டா. புருசனின் பெயரை வாயால் சொல்லாத மனுசி, அந்தப் பெயரைச் சொல்லி ஒரு வேலைக்காரப் பெடியனை எப்படி ஏசுவா? அப்போது நீங்கள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, மணியன் எண்டு கூப்பிடுங்கோ என்றீர்கள். நீங்கள் வைத்த பெயர் அது. நான் அதற்கு ஓம் என்று திரும்பிப் பழகிவிட்டேன்.

அந்த வீட்டில் அன்று நின்றவர்களில் ஐயா போனார். அம்மா போனா. உங்கள் பெரியண்ணன் சண்டைக்குள் செல்லடியில் போனார். இப்போது நீங்களும் போய்விட்டீர்கள். அந்த முற்றத்தில் நின்ற ஆட்களில் உயிரோடு மிச்சம் இருப்பது ஒரே ஆள். உறவும் பெயரும் இரண்டுமே போடச் சொல்லிவிட்டேன். லண்டனில் இருக்கிறவருக்குப் பிடிக்காவிட்டால் என்னோடு கதைக்கட்டும்.

“அப்ப சரியான பேரைச் சொல்லுங்கோ, மாமா. ஆறுதலா, எழுத்தெழுத்தாச் சொல்லுங்கோ.”

உங்கள் தம்பி,
முத்தையா சிவலிங்கம்