வாசலில் கேட்காத கேள்வி

மிஸ்டர்,

இன்று காலை முழங்காலுக்குக் கற்பூரத் தைலம் பூசிக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியில் உங்கள் படம். காலமாகிவிட்டீர்களாம். போத்தல் கையிலிருந்து நழுவி, தரையெல்லாம் உங்கள் மணம். இப்படியா சொல்வார்கள், வானிலை அறிக்கைக்கு முன்னால் இரண்டே வரியில்?

தொண்ணூறுகளில் உங்கள் பலேர்மோ வீடு முழுக்க இதே மணம்தான். வியன்னாவில் கால்பந்து ஆடி, முழங்கால் உடைந்து, பிறகு நாடு நாடாகப் பயிற்சி கொடுக்கப் போனவர் நீங்கள். இத்தாலியில் பயிற்சியாளரை எல்லோரும் மிஸ்டர் என்பார்கள். உங்களுக்குச் சமைத்த நானும் அப்படியே கூப்பிட்டேன். உங்கள் பெட்டி எப்போதும் பாதி அடுக்கியபடியே கிடக்கும். "பயிற்சியாளன் பெட்டியை முழுசாக் காலி பண்ணக்கூடாது" என்று சிரிப்பீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பையோடு ஓடிவந்த எனக்கு அது பகிடியாகப் படவில்லை.

உங்கள் கழகம் வென்றால் கபோ சந்தை மீன்காரர் எனக்கு இரண்டு மீன் கூடப் போடுவார். தோற்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த மாரிகாலம் முழுக்க அவருடைய முதுகைத்தான் பார்த்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை பெட்டியோடு வாசலில் நின்றீர்கள். திங்களில் ஏது போட்டி? நாக்கு நுனி வரை வந்த கேள்வியை விழுங்கினேன். வெளிக்கிடுகிறவரிடம் எங்கே என்று கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பார்கள் எங்கள் ஊரில். "கவனமாப் போயிட்டு வாங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, இரவுக்குத் திரும்பிவிடுவீர்கள் என்று மீன் வாங்கப் போனேன்.

மீன்காரர் அன்று முகத்தைத் திருப்பவில்லை. "ஆருக்கு மீன்? உன்ரை மிஸ்டரை நேற்றே வேலையாலை நிப்பாட்டிட்டினம். இப்பதான் நாப்போலிக் கப்பல் ஏறினவர். என்ரை தம்பி துறைமுகத்திலை கண்டவன்."

யாருக்கென்று தெரியாமலே மீனைக் கொண்டுவந்து பொரித்தேன்.

சில நாள் கழித்துத் தொலைபேசியில் வந்தீர்கள். "அந்த ஊரிலை எல்லாரும் என்னைக் கேள்வி கேட்டவை. வாசல்லை நீ மட்டும் ஒண்டும் கேக்கேல்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பன்."

"ஓம், மிஸ்டர்" என்றேன். என் பெருந்தன்மை என்று நினைத்துவிட்டீர்கள். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது! வழக்கத்துக்காக வாயைப் பொத்தியவள் நான்.

இரண்டு தடவையும் நீங்கள் போனதை ஊரார் சொல்லித்தான் அறிகிறேன். அதுதான் தாங்க முடியவில்லை. என் மகள் வெளிக்கிடும்போது இன்றும் எங்கே என்று நான் கேட்பதில்லை. உங்களிடம் மட்டும், இனிக் கெட்டுப்போக ஒரு காரியமும் இல்லாதபடியால், கேட்கிறேன்.

எங்கை போறியள், மிஸ்டர்?