மாப்பிள்ளைக்குத் திறந்த கார் வேண்டாம்

பம்பாய்
8-8-1961

அப்பா பாதங்களில் சுருளிவேல் விழுந்து வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? ஆத்தாவுக்கு இருமல் நின்றதா?

தங்கச்சி பழனியம்மாள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குத் திண்டுக்கல்லில் திறந்த கார் பேசியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வாரம் என் முதலாளியின் சின்னத் திறந்த கார் மலைப்பாதையில் கவிழ்ந்தது. நான்தான் ஓட்டினேன். பயப்படாதீர்கள், குனிந்ததால் தப்பினேன். முன் கண்ணாடி சட்டத்தோடு அப்பளமாக நொறுங்கிவிட்டது. தலைக்கு மேல் வெறும் துணிதானே! சீட்டுக்குப் பின்னால் இரும்புக் குழாய் வளைத்து வைத்தால் தலை தப்பும் என்றார் மெக்கானிக். காரின் அழகு கெட்டுவிடுமாம், முதலாளி மாட்டேன் என்கிறார். என் தலை எக்கேடு கெட்டால் அவருக்கென்ன!

நம்மூரில் அதைவிட மோசம். முகம் தெரிய வேண்டுமென்று மாப்பிள்ளையை மடக்கிய கூரைமேல் தூக்கி உட்கார வைப்பீர்கள். ஒரு சக்கரம் வாய்க்காலில் இறங்கினால் அவரைக் காப்பாற்ற நிலக்கோட்டை மல்லிகை மாலைதான் இருக்கும். "ஏலே, ஊரு மெச்சணும்ல" என்பார் சித்தப்பா. ஊர் மெச்சிவிட்டுப் போய்விடும், பழனியம்மாள் கதி? மேலே எழுதினால் அபசகுனம். மூடின காராகப் பேசுங்கள். இல்லாவிட்டால் வில்வண்டியில் வரட்டும்.

ஆத்தாவை எள்ளுருண்டை அனுப்பச் சொல்லுங்கள். சோறு பிசைந்து சாப்பிட இப்போது தோதில்லை.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். எழுத்து ஏன் கோணல் என்று ஆத்தா கேட்டால், ரயிலில் எழுதினான் என்று சொல்லுங்கள். இடது கையால் எழுதினேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

சுருளிவேல்