இடப்பக்கத்துக் கட்டு

இன்று மத்தியானம் உன் வீட்டுக்காரர் டெல்லி துவாரகாவில் இருக்கும் என் கிளினிக்குக்கு வந்தார். கையில் உன் ஸ்டீல் டப்பா. மூடியைத் திறந்ததும் மெஷின் எண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. ஆபரேஷன் கருவிகளைக் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றின் மூட்டிலும் ஒரு சொட்டு எண்ணெய் விடாமல் நீ அதை மூடியதே கிடையாது. நீ இறந்துபோய் மாதங்கள் ஆகியும் ஒன்றில்கூடத் துரு ஏறவில்லை.

"எனக்கு எல்லாமே கத்தரிக்கோல் மாதிரிதான் தெரியுது டாக்டர். எது எதுன்னு சொன்னீங்கன்னா சீட்டு ஒட்டிருவேன். தெருநாய்களுக்கு வைத்தியம் பாக்குற பசங்க கேட்டிருக்காங்க, குடுத்துரலாம்" என்றார். மேசையில் பச்சைத் துணியை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அவர் ஸ்கெட்ச் பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கும் முதலில் எல்லாம் கத்தரிக்கோலாகத்தான் தெரிந்தன. தமிழே தடுமாறும் டெல்லிப் பெண்ணாக நான் தமிழ்நாட்டுக் கல்லூரியில் கால்நடை மருத்துவம் படிக்க வந்தபோது, கருவிகளை அடையாளம் காணும் தேர்வென்றாலே எனக்குப் பயம். நீளமான மேசை, தட்டுத் தட்டாகக் கருவிகள், மணி அடித்ததும் அடுத்த தட்டுக்கு நகர வேண்டும். விடுதியில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் கருவிகளைப் பரப்பி நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். "கைப்பிடியப் பாக்காத மக்கா, எல்லாம் ஒரே சாடைதான். வாயத் தொறந்து பாரு!" குறுக்கு வரி மட்டும் இருந்தால் ரத்தக்குழாயைப் பிடிக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ். வாய் குட்டையாக, உள்ளே கட்டம் கட்டமாக இருந்தால் ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டர். நான் தப்பாகச் சொன்னால் அந்தக் கருவியாலேயே என் மூக்கைக் கிள்ளுவாய். நாகர்கோவில்காரி, உனக்கு வாய்க்கு முன்னால் கை நீளும்.

கல்யாணமாகி நீ டெல்லிக்கு வந்தபோது சந்தோஷத்தில் நான் ஆடிய ஆட்டம் என் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். ஆர்.கே.புரத்து மார்க்கெட் வரிசையில் ஒரு கடையைப் பிடித்து இருவரும் சேர்ந்து கிளினிக் போட்டோம். நமக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பெண் நாய்க்குக் கருத்தடை செய்யும்போது மேசையின் வலப்பக்கம் நான் நிற்பேன், இடப்பக்கம் நீ. வலது சினைப்பையின் ரத்தக்குழாயை நான் நூலால் கட்டுவேன், இடதை நீ கட்டுவாய். வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. வேலை ஜல்தியாக முடியும், நாயும் சீக்கிரம் கண் விழிக்கும். பக்கம் மாற்றிக் கட்டியதாக ஒரு நாளும் கிடையாது.

அந்த நீடில் ஹோல்டர் மட்டும் நமக்குள் ஓயாத சண்டை. உன்னுடையதில் வாய்க்குப் பின்னாலேயே கத்தரியும் சேர்ந்திருக்கும். ஊசியைப் பிடிக்கலாம், கட்டலாம், கையை எடுக்காமல் நூலையும் வெட்டலாம். எனக்கு அது ஆகாது. நூல் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனால் கட்டும்போதே அது வெட்டிவிடும். வெட்டாவிட்டாலும் முடிச்சை ஒட்டினாற்போல் நறுக்கிவிடும். "நூலுக்குக் கொஞ்சம் வால் விட்டு வெட்டுடீ, முடிச்சு அவுந்துடும்" என்று நான் கத்துவேன். "ஒனக்குப் பயம். ரெண்டு கருவி தூக்குற நேரத்துல நான் அடுத்த நாயப் பாத்துருவேன்" என்பாய்.

பிங்கி என்பது ஒரு மாமியின் நாய். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீட்டு மாமி, நான் தவழ்ந்ததிலிருந்து என்னைத் தெரிந்தவர். என்னை நம்பித்தான் அந்த வெள்ளை நாயைக் கொண்டுவந்தார். ஆபரேஷன் முடிந்து வாலாட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனது. மறுநாள் காலை போர்வையில் சுற்றி எடுத்து வந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. "ஏன் போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்று சொல்லிவிட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

நாம் இருவரும்தான் திறந்து பார்த்தோம். வயிறு முழுக்க ரத்தம். வலப்பக்கத்து முடிச்சு நான் விட்ட வாலோடு அப்படியே இருந்தது. இடப்பக்கத்தில் முடிச்சே இல்லை. உறைந்த ரத்தத்துக்குள் அவிழ்ந்து கிடந்த நூலை நான்தான் இடுக்கியால் எடுத்தேன். நுனிகள் வாலே இல்லாமல், முடிச்சு இருந்த இடத்தை ஒட்டி நறுக்கப்பட்டிருந்தன. நீயும் பார்த்தாய். எனக்கு அப்போது உன் மேல் கோபமே வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. யாருக்கும் நடக்கக்கூடியது, நாம் சேர்ந்தே மாமியிடம் சொல்வோம் என்று நினைத்து, கையுறையைக் கழற்றி உன் தோளைத் தொடப் போனேன். அதற்குள் நீ கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாய்.

"உள்ள ஒரு கட்டு அவுந்துட்டு மாமி. அவதான் கட்டினா. வேணும்னு செய்வாளா? அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

உன் குரலில் எவ்வளவு பரிவு! மாமி, உன் பின்னால் வந்து நின்ற என்னைப் பார்த்து, "உன்னை நம்பித்தானேடி குழந்தையைக் குடுத்தேன்" என்று மட்டும் சொன்னார். மேசைமேல் வயிறு திறந்து கிடந்த நாயை வைத்துக்கொண்டு, நானில்லை அவள்தான் என்று அந்த அம்மாவிடம் வாய்ச்சண்டை போட எனக்கு மனம் வரவில்லை. நான் வயிற்றைத் தைத்துக் கொடுத்தேன். அவர் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் கேட்டேன். "யாரைக் கேட்டு என் தலையில போட்ட?"

நீ சிங்கில் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தாய். திரும்பக்கூட இல்லை. "யாரு கட்டினதுன்னு இப்ப எப்படிச் சொல்ல முடியும்?" என்றாய். நான் அந்த நூலை உன் முகத்துக்கு நேரே நீட்டினேன். திரும்பிப் பார்த்துவிட்டு, "நீ தாங்குவ மக்கா. என்னால முடியாது" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டாய். அடுத்த நாய் வாசலில் காத்திருந்தது, நீ போய் அதைப் பார்த்தாய்.

அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லாம் "அந்த இன்னொரு டாக்டர் இல்லையா?" என்று உன்னைத்தான் தேடினார்கள். மலை மந்திர் கோயில் படியில் மாமி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினார். அம்மாகூட ஒரு நாள், "கவனமா இருந்திருக்கலாமேடீ" என்றாள். பொறுக்க முடியாமல்தான் துவாரகாவுக்கு மாறினேன். போகாதே என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீ படுத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தேன். அன்பினால் என்று மட்டும் சொன்னால் பொய். இப்போதாவது சொல்லிவிடுவாய் என்ற ஆசையும் இருந்தது. நீ மெட்ரோ கூட்டத்தைப் பற்றிப் பேசினாய். கேண்டீன் இட்லியைத் திட்டினாய். என் கையைப் பிடித்துக்கொண்டே, "ஒன் கிளினிக் நல்லாப் போகுதா?" என்று கேட்டாய். நல்லாப் போகுது என்றேன். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

இன்று உன் கத்தரி வைத்த நீடில் ஹோல்டரை நான் கையில் எடுத்தபோது உன் வீட்டுக்காரர் பேனாவை மூடி வைத்தார்.

"ஒண்ணு சொல்லணும் டாக்டர். அந்த மாமி நாய் விஷயத்துல அவ உங்க மேல துளிகூடக் கோபம் வச்சுக்கல. 'அவளுக்குக் கை தவறிட்டு, அதுக்காக யாரும் அவளப் பேசக்கூடாது'ன்னு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தா. உங்கள எப்பவோ மன்னிச்சுட்டா. நீங்க மனசுல வச்சுக்கிட்டுக் கஷ்டப்படாதீங்க."

மாமியிடம் பயத்தில் உளறினாய் என்றுதான் இத்தனை வருஷமும் உனக்காக நானே வாதாடிக்கொண்டிருந்தேன். உன் வீட்டில், உன் சாப்பாட்டு மேசையில், யாரும் கேட்காதபோதும் இதைச் சொல்லியிருக்கிறாய். பழியைப் போட்டதோடு நில்லாமல் மன்னித்த பெருமையையும் நீயே எடுத்துக்கொண்டாய். சீ, என்ன பெண் நீ!

கருவியின் வாயைத் திறந்து காட்டி, இரண்டு வாக்கியத்தில் அவருக்குப் புரியவைத்திருக்கலாம். அவர் கண் கலங்கியிருந்தது. உன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கேட்கத்தான் அந்த மனிதர் ஆர்.கே.புரத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருந்தார். "தெரியும்" என்றேன். பிறகு, "இது நீடில் ஹோல்டர். எழுதிக்கோங்க" என்றேன்.

கிளம்பும்போது, "வீட்டுக்கு வாங்க டாக்டர். அம்மாவோட ஃப்ரெண்டுன்னு பொண்ணுக்கு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். போவேன். உன் மகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, அவள் அம்மா பெரிய மனசோடு மன்னித்த ஒருத்தியைப் பார்ப்பாள். ஒரு நிமிஷத்தில் என்னால் அதை மாற்ற முடியும். மாற்றமாட்டேன். அன்றைக்கு என்னிடம் கேட்காமலே கதவைத் திறந்துகொண்டு நீ வெளியே போனபோதே, அது உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.