அம்பு பார்த்து மாட்டு

மாப்ளே,

போன மாதம், தீபாவளி முடிந்த கையோடு, நீ வேலை பார்த்த பிரஸ்ஸுக்குப் போயிருந்தேன். அடுத்த சீசனுக்கான லேபிளைப் பார்த்துவிட்டு வரச்சொல்லி எங்கள் பட்டாசுக் கம்பெனி முதலாளி அனுப்பியிருந்தார். வாசல்படி ஏறியதுமே மையும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாடை. உன் சட்டையில், உன் வண்டிச் சீட்டில், எங்கள் வீட்டில் நீ சாப்பிட்டு எழுந்த தட்டில்கூட ஒட்டியிருந்த அதே வாடை. ஒரு நிமிடம் கண் கலங்கத்தான் செய்தது. அடுத்த நிமிடமே அங்கே ஒரு அம்புக்குறியைப் பார்த்தேன். அப்போது பிடித்த கோபம் இன்னும் விடவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருந்தால் உனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

செத்துப்போனவனோடு சண்டை போடுகிறான் என்று ஊர் சொன்னால் சொல்லட்டும். நீ உயிரோடு இருந்தபோது போட்ட சண்டையே பாதியில் நிற்கிறது.

அந்த டெலஸ்கோப்பை வாங்கியதே உன் பிடிவாதம். விருதுநகரில் ஒரு பருப்பு வியாபாரி வீட்டுக்குக் காலண்டர் மாதிரிகளைக் காட்டப் போனவன், அவர்கள் பரணைக் காலி செய்வதைப் பார்த்து, அதில் கிடந்த டெலஸ்கோப் பெட்டியோடு நேராக ஆமத்தூருக்கு வந்து என் வீட்டு வாசலில் நின்றாய். முக்காலிக்கு ஒரு கால் ஒடிந்திருந்தது. குழாய்க்குள்ளிருந்து ஒரு செத்த பல்லி விழுந்தது. பெட்டி மேலே மட்டும் சனிக்கிரகம் கலர் கலராக, வளையத்தோடு, பூசணிக்காய் அளவுக்கு அச்சாகியிருந்தது. பக்கத்தில் ஐந்நூறு மடங்கு பெரிதாகத் தெரியும் என்று கொட்டை எழுத்து.

"பாத்தியா மாப்ளே, இம்புட்டுப் பெருசாத் தெரியுமாம்!"

சொன்னது யார்? புஸ்வாணப் பெட்டிக்கு ஆள் உயரப் பூ அச்சடித்துக் கொடுத்தே முடி நரைத்தவன். பெட்டிப் படத்துக்கும் உள்ளே இருக்கிற சரக்குக்கும் சம்பந்தம் கிடையாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தவன். அடுத்தவன் அச்சடித்த பெட்டியைக் கண்டதும் வாயைப் பிளந்துவிட்டாய்.

இந்த வயதில் இது எதற்கு என்று என் மனைவி கேட்டதற்கு நீ சொன்ன பதில் இன்னும் காதில் நிற்கிறது. "நம்ம பக்கத்துல எல்லாரும் வானத்துக்கு எதையாவது அனுப்பிக்கிட்டே இருக்கோம்மா. அங்கன ஏற்கெனவே என்ன இருக்குன்னு ஒருத்தனாவது நிமிந்து பாத்தோமா?" நானும் தாயில்பட்டியில் போர்மேனாக இருபது வருடமாக வெடித்துச் சிதறுகிறதையே அண்ணாந்து பார்த்தவன். உன் பேச்சில் விழுந்துவிட்டேன். என்னைச் சொல்ல வேண்டும்.

உனக்கு வேண்டியது நிலா இல்லை, நட்சத்திரம் இல்லை. சனிதான். அப்போது உனக்கு ஏழரைச் சனி. மகள் வரன் தட்டிப்போனதும், வண்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்ததும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்தன. "நம்மள இந்த ஆட்டு ஆட்டுறானே, அவன் மூஞ்சிய ஒரு தடவ பாத்துரணும்லே. வளையத்தோட பாக்கணும்" என்பாய். உன் மனைவி செல்வி ஒத்துக்கொள்ளவில்லை. கோயிலிலேயே சனீஸ்வரனுக்கு நேரே நிற்கக்கூடாது, பக்கவாட்டில் ஒதுங்கி நின்று கும்பிட வேண்டும் என்று வளர்ந்தவள். குழாய் வைத்துக் கண்ணுக்கு நேரே கூப்பிட்டுப் பார்ப்பது வேண்டாத வேலை என்றாள். உடனே நீ டெலஸ்கோப்பின் பின்பக்கம் செருகுகிற முழங்கை மாதிரிக் கண்ணாடியை எடுத்துக் காட்டினாய். "இந்தா பாரு, அவன் அங்கிட்டு இருப்பான், நான் இங்கிட்டுத் திரும்பி நிப்பேன். பக்கவாட்டுலதான் பாக்குறேன், கோயில் மாதிரியே!" செல்விக்கே சிரிப்பு வந்துவிட்டது. இப்படி ஒன்றுக்கும் உதவாத விஷயத்துக்கெல்லாம் விளக்கம் வைத்திருந்தாய். தேவையான இடத்தில்தான் வாய் பூட்டிக்கொண்டது.

அப்புறம் நாம் பட்ட பாடு இருக்கிறதே! தீபாவளி முடிந்தால் எங்கள் கம்பெனிக்கு லீவு. உனக்கோ அப்போதுதான் காலண்டர் ஆர்டர் கழுத்தை நெரிக்கும். நீ எப்படியாவது ஒரு சாயங்காலம் தப்பித்து வந்தால் ஐப்பசி மேகம் வானத்தை மூடிக்கொள்ளும். வானம் பளிச்சென்று இருக்கிற மாசியிலோ எனக்கு மூச்சுவிட நேரமில்லை, சனியும் சாயங்கால வானத்தில் இருக்காது. ஒடிந்த காலுக்கு பிவிசி பைப் வைத்து, பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் பட்டியால் இறுக்கினாய். யாராவது மாடிப்படி ஏறினாலே நிலா துள்ளிக் குதித்தது.

நிலாவைப் பார்த்த அந்த முதல் சாயங்காலத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஏழு மணி இருக்கும், அரை நிலா. நீ கண்ணை வைத்தவன் எடுக்கவே இல்லை. "பொத்தல் பொத்தலாத் தெரியுதுலே. இப்படி ஒரு அச்சு பிளேட் வந்தா நான் திருப்பி அனுப்பிருப்பேன்" என்றாய். அதோடு விட்டாயா? நிலாவின் ஒரு ஓரத்தில் நீலமும் மறு ஓரத்தில் சிவப்பும் மெல்லியதாகக் கசிந்தன. மலிவுக் கண்ணாடி என்றால் அப்படித்தான் கசியும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நீ அச்சுக்காரன் அல்லவா, கலர் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை என்று முடிவே கட்டிவிட்டாய். "ரெஜிஸ்டர் விலகியிருக்கு. அம்புட்டுத்தான், நான் செட் பண்ணிருவேன்." குழாயின் பின்னால் இருந்த மூன்று திருகாணிகளையும் முடுக்குவதும் தளர்த்துவதுமாக ஒரு மாதத்தை ஓட்டினாய். போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் வானத்தில் ரெஜிஸ்டர் சரியில்லை என்று சொன்ன ஒரே ஆள் நீதான்.

போன வருடம் கார்த்திகைக்கு முன்னால்தான் கண்ணாடியில் பூஞ்சை படர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தோம். முன்பக்கப் பெரிய கண்ணாடியைக் கழற்றி நீ சிவகாசிக்கு எடுத்துப் போனாய். சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, இரண்டு வில்லைகளையும் சேர்த்து ஓரத்தில் டேப் ஒட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி, எங்கள் கம்பெனி வேனில் கொடுத்துவிட்டாய். ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்ன அம்புக்குறி. போனில் நீ சொன்னது மூன்றே வார்த்தை.

"அம்பு பாத்து மாட்டு."

பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம். சரி என்றேன். அம்பைப் பார்த்தேன், மாட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். மழை பெய்து கழுவிவிட்ட வானம். தெற்கே சனி தெளிவாக நின்றது. குழாயில் பார்த்தால் கரைத்துவைத்த மாவு மாதிரி ஒரு வெளிச்சம். முன்னே தள்ளினாலும் பின்னே இழுத்தாலும் மாவுதான். மூன்று திருகாணியையும் முடுக்கிப் பார்த்தாய். பிறகு என்னிடம் திரும்பினாய்.

"அம்பு பாத்துத்தான மாட்டுன?"

"பாத்துத்தாம்லே மாட்டுனேன்."

"பாத்து மாட்டுனா ஏன் இப்படித் தெரியுது?"

"தேய்தேய்னு தேச்சு கண்ணாடியவே அழிச்சிட்டு என்னைக் கேக்குற! திருகாணியத் திருகியே பாதி கெடுத்த, மிச்சத்த கழுவிக் கெடுத்துட்ட. உன் கையில குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"முப்பது வருசமா பிளேட்டத் தொட்ட கைலே இது. ஒரு கீறல் விழுந்திருக்காது. நீதான் பாக்காம மாட்டிருக்க. பாக்கலன்னு ஒத்துக்கோயேன்!"

"பாத்தேன்னு சொல்றேன், பொய்யா சொல்றேன்?"

என் மனைவி தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். நீ சாப்பிடாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாய். என் வீட்டிலிருந்து நீ சாப்பிடாமல் போனது அன்று ஒருநாள்தான். நீ போன் பண்ணட்டும் என்று நான் இருந்தேன். நான் பண்ணட்டும் என்று நீ இருந்திருப்பாய். கார்த்திகை போனது, மார்கழி போனது, பொங்கலும் போனது. வருடா வருடம் உன் கையால் வருகிற காலண்டர் வேன் டிரைவரிடம் வந்தது. அதை ஆணியில் மாட்டினேன், வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தை கடைசியில் செல்வியின் தம்பி போன் பண்ணினான். மிஷின் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றான். உனக்கு மாலை போட்டபோதுகூட, கேட்டால் சிரிப்பார்கள், கண்ணாடியைக் கெடுத்தவன் இவன்தான் என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டுதான் போட்டேன்.

இனி அந்த அம்புக்குறிக்கு வருகிறேன்.

பிரஸ்ஸில் இப்போது உன் மிஷினில் நிற்பது முனியசாமி. ஒரு பக்கம் அச்சான தாள் கட்டை மறுபக்கம் அடிக்கத் தூக்கிவைத்தான். கட்டின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு அம்பு. எங்கள் கம்பெனியில் அட்டைப்பெட்டியில் அம்பு போட்டிருந்தால் அந்தப் பக்கம் மேலே, வானத்தைப் பார்த்து இருக்க வேண்டும். லாரி லோடில் ஒரு பெட்டி கவிழ்ந்திருந்தாலும் நான் கத்துகிற கத்தலில் தாயில்பட்டியே திரும்பிப் பார்க்கும். பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"ஏப்பா, அம்பு மேல பாக்க வேண்டாமா? மிசினப் பாத்துல்ல இருக்கு?"

"மேலயா?" என்று சிரித்தான். "அம்புன்னா மொதல்ல உள்ள போற பக்கம்ணே. அந்தப் பக்கத்தத்தான் மிசின் கவ்வும். அண்ணாச்சி படிச்சுப் படிச்சுச் சொல்லுவாக, அம்பு பாத்து மாட்டுன்னு."

அவன் அண்ணாச்சி என்றது உன்னைத்தான். அங்கிருந்த பேப்பர் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ சொன்ன அம்பு, உள்ளே போகிற பக்கம். நான் பார்த்த அம்பு, மேலே, வானத்தைப் பார்க்கிற பக்கம். நீயும் சரியாகத்தான் போட்டாய். நானும் பார்த்துத்தான் மாட்டினேன். கண்ணாடி தலைகீழாக உட்கார்ந்துவிட்டது. பிளேட்டைத் தொட்ட கையில் ஒரு குற்றமும் இல்லை. 'உள்ள' என்று ஒரு வார்த்தை, மாப்ளே! அம்பு உள்ள பாத்து மாட்டுலே என்று சொன்னால் நாக்கு தேய்ந்துவிடுமா? நானாவது எந்தப் பக்கம் என்று கேட்டேனா? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

அன்று சாயங்காலமே டெலஸ்கோப்பைப் பரணிலிருந்து இறக்கினேன். கண்ணாடியைக் கழற்றி, அம்பு உள்ளே பார்க்கத் திருப்பி மாட்டினேன். இரண்டு நிமிட வேலை. மாடிக்குக் கொண்டுபோய் அந்தச் சனியனைத் தேடிப் பிடித்தேன்.

தெரிந்தது. பெட்டியில் போட்ட பூசணிக்காய் இல்லை, கடுகுக்குக் கொஞ்சம் பெரிது. ஆனால் அதைச் சுற்றி வளையம், தனியாக, கிரகத்தைத் தொடாமல், அவ்வளவு சுத்தமாக. நீ பார்த்திருந்தால் ரெஜிஸ்டர் உட்கார்ந்துவிட்டது என்று கத்தியிருப்பாய். நான் கத்தவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் செல்வியை வரச்சொல்லி நடந்ததையெல்லாம் சொன்னேன். அம்பு கதையையும் சொன்னேன். உன் மேல் தப்பில்லை என்று அவளிடமாவது சொல்லியாக வேண்டும் அல்லவா? கோயிலில் நிற்கிற மாதிரியே ஒதுங்கி, பக்கவாட்டில் நின்று, முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

"இம்புட்டுக்காண்டித்தான் ரெண்டு பேரும் பேசாம இருந்தீகளாண்ணே?"

நீ இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாய். தப்பும் தவறுமாகத்தான் சொல்லியிருப்பாய், அவளைச் சிரிக்கவும் வைத்திருப்பாய். நான் முக்காலியை மடக்கிக்கொண்டு நின்றேன்.

கண்ணாடியைத் துடைக்கிறபோது ஓரத்தில் மட்டும் துணி படாமல் பார்த்துக்கொள்கிறேன். உன் பென்சில் அம்பு அங்கே அப்படியே இருக்கிறது. இப்போதெல்லாம் கம்பெனியில் யார் என்ன சொன்னாலும், அதற்கு என்ன அர்த்தம், எந்தப் பக்கம் என்று இரண்டு தடவை கேட்கிறேன். போர்மேனுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று வேனில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். உன்னிடம் ஒரு தடவை கேட்டிருக்க வேண்டியதை இப்போது ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிகிறேன்.